முதல் கேள்வி

சிவகாசியில் மாதம் ஒரு ஞாயிறு, கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைச் சொல்லித்தரும் கூட்டம் நடக்கும். காலண்டர் கம்பெனியில் டிசைனராக இருக்கும் அனுப்பிரியா அன்றுதான் முதன்முறை வந்தாள். பாடம் நடத்திய சாபிர் திரையில் காட்டியது எதுவும் புரியவில்லை. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

பக்கத்தில் இருந்த ருமானா கையைத் தூக்கினாள். "இலவசம்னு சொல்லுறீக, பொறவு காசு கேப்பாகளா? என் பழைய படமெல்லாம் அழிஞ்சிருமா?"

நாலு பேர் சிரித்தார்கள். சாபிர் சிரிக்காமல் நிதானமாக விளக்கினான். அந்தத் தைரியத்தில் அனுப்பிரியாவும் கேட்டாள்: "காலண்டர் வேலைக்குத் தமிழ் எழுத்து வருமா?"

அடுத்த மாதமும் ருமானா அதே கேள்வியைக் கேட்டாள். அனுப்பிரியாவுக்குப் பாவமாக இருந்தது.

"மறந்துட்டீகளாக்கா? கூட்டம் முடியவும் நான் சொல்லித்தாரேன்."

"அங்கன பேசுறது என் வீட்டுக்காரருதான். அவுகளுக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுத்ததே நாந்தான்."

"பொறவு எதுக்குக்கா கேக்கீக?"

ருமானா பின்வரிசையைக் கண்ணால் காட்டினாள். புதிதாக வந்த பெண் ஒருத்தி, பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன மாசம் நீயும் இப்படித்தான் உக்காந்திருந்தே."

அனுப்பிரியா கையைத் தூக்கினாள்.

"சார், லினக்ஸ்னா என்ன சார்?"