ஹோஸ் பார்க்கும் படலம்

“கையைத் தூக்குங்க.”

மனைவி சொன்னதும் அவர் இரண்டு கைகளையும் தூக்கினார். ஹோஸ் கடையின் பின்பக்கத்தில், பட்டப்பகலில், கையும் களவுமாக மாட்டிய திருடன் மாதிரி நின்றார்.

உடம்பில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பால் அதைப் பார்த்தால் வெட்கத்தில் திரிந்துபோகும்.

ஓய்வு பெற்ற பிறகு, மனைவியின் கார்ப்பெட் துவைக்கும் கம்பெனியில் அவருக்குக் கிடைத்த ஒரே பதவி இதுதான்: சட்டை.

கொதிக்கக் கொதிக்க மருந்துத் தண்ணீர் ஓடுகிற ஹோஸை அடுத்தவர் வீட்டு ஹால் முழுக்க இழுத்துக்கொண்டு போக வேண்டிய தொழில். மட்டமான ஹோஸ் என்றால் சூடேறியதும் மேல்தோல் இளகி, போகிற வழியெல்லாம் கறுப்புக் கோடு போடும். அழுக்கெடுக்கப் போனவர்களே அழுக்கு வைத்துவிட்டு வந்தால் ஊர் சிரிக்காதா?

அதனால், புது ஹோஸ் வாங்குகிற நாளெல்லாம் அவர் மேல் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிடுவாள். சட்டைக்குள்ளே மடித்த துண்டு ஒன்று வைத்துக்கொள்ளலாம். கம்பெனி அவருக்குக் கொடுத்த ஒரே சலுகை.

நாளை காலை அரங்க வேலை.

ஊரிலேயே பெரிய இசை அரங்கம். தந்த நிறத்தில் கார்ப்பெட். அதன் ஒரு முனையில் நின்று கூப்பிட்டால் மறுமுனையில் இருப்பவருக்கு மறுநாள்தான் கேட்கும் என்று அவர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். துவைக்கிற கம்பெனிகள் அத்தனையும் அந்த வேலைக்கு முட்டிமோதின.

அங்கே கோடு விழுந்தால் பேர் போச்சு. ஹோஸ் பிய்த்துக்கொண்டாலோ பேரோடு போகாது; கொதிநீர் முதலில் பாய்வது, பிடித்திருப்பவர் கையில்.

நேற்றிலிருந்து மனைவிக்குச் சோறு இறங்கவில்லை.

கடைக்காரர் ஒரு பளபளப்பான ஹோஸைக் கொண்டுவந்தார். “யானை ஏறி மிதிச்சாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாதும்மா!”

“யானை வீட்ல யாருய்யா கார்ப்பெட் போடுறா? வெந்நீர விடு.”

கடைக்காரர் கொதிகலனில் ஹோஸை மாட்டி, மறுமுனைக் கைப்பிடியின் விசையை அழுத்தினார். தண்ணீர் ஆவி பறக்கப் பாய்ந்தது. ‘எப்படி?’ என்று புருவத்தை உயர்த்தினார்.

மனைவி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. கைப்பிடியை வாங்கி விசையைச் சட்டென்று விட்டாள். தண்ணீர் நின்றது.

ஓடுகிறபோது எல்லா ஹோஸும் நல்ல ஹோஸ்தான். நிறுத்தும்போதுதான் உள்ளே சூடும் அழுத்தமும் முட்டும், குணம் வெளியே வரும்.

வந்தது. இணைப்புக்குப் பக்கத்தில் ஹோஸ் லேசாக உப்பியது. லேசாகத்தான். அவர் பின்னாளில் அதைப் பூசணிக்காய் என்று வர்ணிப்பார்.

“எடுத்துட்டுப் போ,” என்றாள்.

இரண்டாவது ஹோஸ் உப்பவில்லை. ஆனால் அவருடைய இடது தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரு நதியை வரைந்துவிட்டுப் போனது. கிளை நதிகளோடு.

“திரும்புங்க.”

முதுகைக் காட்டினார். புது நோட்டில் இன்னொரு பக்கம்.

மூன்றாவதைக் கடைக்காரரே கொஞ்சம் கூச்சத்தோடுதான் எடுத்து வந்தார். சாம்பல் நிறம். வழவழப்பும் இல்லை, பகட்டும் இல்லை. பார்த்தால் இப்போதுதான் தூங்கி எழுந்த சாரைப்பாம்பு.

விசையை விட்டாள். உப்பவில்லை. சூட்டோடு வளைத்தாள். மடிப்பு விழாமல் வளைந்தது. வளைத்த இடத்தில் ஏறி நின்றாள். அவள் எடை என்னவென்று அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்த ஒன்றில் மட்டும் அவருக்கு வாய் அடக்கம். இறங்கியதும் ஹோஸ் பழையபடி உருண்டுகொண்டது.

பிறகு முதுகில் இழுத்தாள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. துண்டையும் மீறி இதமான சூடு. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் குனிந்து, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் மாதிரி சட்டையை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுதான்.”

குரல் இலேசாக உடைந்தது. ஒரு ஹோஸுக்கா?

கடைக்காரர் அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். “உங்க வண்டியில ஏத்திடறேம்மா.”

“எங்களுக்கு எதுக்கு? பின்தெருவுல தனியா கார்ப்பெட் துவைக்க ஷெட் போட்டிருக்காளே எம் பொண்ணு, அவகிட்ட குடு. அரங்க வேலை அவளுக்குத்தான் கிடைச்சிருக்கு.”

கடைக்காரர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். “நீங்களும்ல அந்த வேலைக்குப் போட்டி போட்டீங்க?”

“போட்டேன்யா. அரங்கத்துக்காரங்க கண்ணு முன்னாடியே ஆளுக்கொரு மூலை துவைச்சுக் காட்டினோம். அவ மூலைதான் பளிச்சுன்னு இருந்துச்சு. எனக்கே தெரிஞ்சுது.”

கடைக்காரர் என்ன முகம் வைத்துக்கொள்வதென்று தெரியாமல் அவரைப் பார்த்தார். அவரோ வாயெல்லாம் பல்லாக நின்றார்.

மனைவி ஹோஸின் இணைப்பை இன்னொரு முறை கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

“நான் வேணாம்னு கழிச்சுப் போட்ட பழைய ஹோஸை வெச்சுக்கிட்டே என்னைத் தோக்கடிச்சுட்டாய்யா. நல்ல ஹோஸ் கையில கிடைச்சா என்ன ஆட்டம் ஆடுவான்னு பாக்க வேணாமா?”