விரல் மடங்காத காலை

அடி கன்னத்தில் விழுந்தது. ஆனால் உறைக்கவில்லை.

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். கணவனின் விரல்கள் வீங்கி விறைத்து நின்றன. முஷ்டியை மடக்கப் பார்க்கிறான், மடங்கவில்லை. டயர் கடையில் லாரிச் சக்கரத்தை ஒற்றை ஆளாகக் கழற்றியவனுக்குச் சொந்த விரல் பேச்சைக் கேட்கவில்லை.

முடக்குவாதம். மாமனாரைக் கட்டிலில் போட்ட அதே நோய். அவருடைய மூத்த மகனை விட்டுவிட்டு இளையவனான இவனைப் பிடித்துக்கொண்டது.

"மரபணு ரத்தத்துல வரும்மா. ஆனா எல்லாருக்கும் அது நோயா மாறாது," என்று டாக்டர் சொன்னபோது அவன் முகம் தொங்கிப்போனது. அவளுக்கோ வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. ஐயோ பாவம் என்று உதட்டளவில் சொல்லிவைத்தாள்.

மத்தியானத்துக்கு மேல் கை இளகிவிடும். அப்புறம் பழைய பூசைதான். காலை மட்டும் அவளுடையது. அதனால்தான் பையைக் கட்டி வைத்துக்கொண்டு, மகளோடு கிளம்பப் போவதை இன்று காலையில் அவன் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

மகளை நினைத்தால்தான் நெஞ்சு பதறியது. ஒரு மாதமாகக் காலை டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறாள். சட்டைப் பொத்தானைப் போட அத்தனை நேரம் எடுத்துக்கொள்கிறாள். பதினாறு வயதில் இவ்வளவு பயமா? இந்த வீட்டை விட்டுப் போனால் எல்லாம் சரியாகிவிடும்.

அவன் முழங்கையால் இடித்தான். உதடு கிழிந்து வாயில் ரத்தம் கரித்தது. அடுத்து ஓர் உதை. அலமாரியில் மோதி விழுந்தாள். பாத்திரங்கள் உருண்டன.

எழுந்தாள். இத்தனை வருஷத்துக் கோபமும் சேர்ந்து எழுந்தது. வீங்கிய அந்தக் கையைப் பிடித்து, விரல்களை ஒன்றாகச் சேர்த்து, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி நெரித்தாள்.

அவன் அலறினான். மூச்சை உள்ளே இழுத்து, பாதியில் உடைந்து, மிதிபட்ட நாய்க்குட்டி மாதிரி முடிகிற அலறல். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பொய் சொல்வானேன், அந்தச் சத்தம் அவளுக்குத் தேனாக இனித்தது. இன்னொரு முறை கேட்க மாட்டோமா என்றுகூட இருந்தது.

பையைத் தோளில் மாட்டினாள். கதவோரம் மகள் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றாள்.

"வாடி, போலாம்!"

மகளின் கையை வெளியே இழுத்து, இனி யாருக்கும் விடுவதில்லை என்று இறுக்கிப் பிடித்தாள்.

மூச்சை உள்ளே இழுத்து, பாதியில் உடைந்து, மகளிடமிருந்து அதே அலறல் வந்தது.