கோடையில் மட்டும் கூடும் குழு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஏரிக்கரையில் குடியிருக்கும் ஓர் ஓணான் சொல்லித்தான் தெரியும்.

வீடில்லாத எலிகளுக்கு எங்கே இடம் ஒதுக்குவது என்று முடிவு செய்ய ஊர்த் திட்டக் குழு கூடியதாம். தலைவர் கொக்கு. உறுப்பினர்கள் எருமையும், புதிதாகச் சேர்ந்த ஆமையும். வறண்டு கிடந்த ஏரியின் நடுவே கொக்கு காலால் கோடு கிழித்தது.

"வீடுகள் இங்கேதான்."

"ஐயா, இது ஏரி," என்றது ஆமை.

"தண்ணி எங்கே? காட்டு பார்ப்போம்."

"ஐப்பசியில வரும். நம்ம குழு ஒரு தடவையாவது ஐப்பசியில கூடினா நீங்களே பார்க்கலாம்."

எருமை சிரித்துவிட்டது. "ஐப்பசியிலயா? இங்கே கழுத்தளவு தண்ணி நிக்குமேப்பா! அதனாலதானே வருஷா வருஷம் கோடையில மட்டும் கூடுறோம்."

"அதைத்தான் நானும் சொல்றேன்!" என்று ஆமை கத்தியது.

"எல்லாரும் ஒண்ணையேதான் சொல்றோம். அப்போ ஏகமனதா நிறைவேறியாச்சு," என்றது கொக்கு.

குட்டிகளோடு காத்திருந்த எலிகள் கைதட்டின.

ஓணான் சொன்னதை முழுக்க நம்ப முடியாமல், கார்த்திகையில் நானே போய்ப் பார்த்தேன். எலிகள் குட்டிகளை வாயில் கவ்வியபடி கரையில் நின்றன. மூழ்காமல் மிஞ்சியிருந்த ஒரே கூரையின் மேல் நின்று கொக்கு மீன் பிடித்துக்கொண்டிருந்தது.