நாற்காலியில் சூடு

"அந்த நாற்காலி சூடா இருக்கு, நெரிஸ்."

மாமியார் க்வெண்டா சொன்னதைக் கேட்டும் நெரிஸ் தன் டீயைக் கலக்குவதை நிறுத்தவில்லை. மூன்றாவது ஸ்பூன் சர்க்கரை கோப்பைக்குள் போனது.

"வெயில் பட்டிருக்கும் அத்தை."

"மார்ச் மாசம், விடிஞ்சும் விடியாம, இந்த அபெரிஸ்ட்வித் ஊர்ல வெயிலா?"

க்வெண்டா கையில் இருந்த வெப்பமானியைக் காட்டினாள். பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும். விசையை அழுத்தினால் சிவப்புப் புள்ளி ஒன்று போய் விழும். தொடாமலே சூட்டைச் சொல்லிவிடும். அவள் கணவர் இத்ரிஸ் வாங்கியது. மோசஸ் குளிர்காயும் கல் முப்பத்தைந்து டிகிரி இருக்கிறதா என்று தினமும் காலையில் பார்ப்பார்.

மோசஸ் அவர் வளர்த்த ஆமை. நவம்பரில், வழக்கம்போல, அதை ஒரு டப்பாவில் வைத்து ஃப்ரிட்ஜுக்குள் குளிர்காலத் தூக்கத்துக்குப் போட்டார். ஜனவரியில் அவர் இறந்துபோனார். மார்ச்சில் மோசஸ் கண் விழித்தது. விழித்த நாளிலிருந்து, தொட்டிக்கு அப்பால் அவர் உட்காரும் பிரம்பு நாற்காலியையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

"அறையில எல்லாம் பதினாலு டிகிரி. அந்த நாற்காலி மட்டும் இருபத்தாறு. யாரோ இப்பத்தான் எழுந்து போன மாதிரி."

"மோசஸ் ஏறி உட்கார்ந்திருப்பான்."

"கிண்டலா?"

"பின்னே என்ன அத்தை? முட்டைக்குப் பக்கத்துல நாலு மாசம் தூங்கின ஜந்து. அது என்னைப் பார்த்தாலே குலை நடுங்குது. பேசாம யார்கிட்டயாவது குடுத்துடுங்க."

ஈவு இரக்கமில்லாதவள் என்று நினைத்துக்கொண்டாள் க்வெண்டா. மகன் கடலில் எண்ணெய் எடுக்கும் வேலைக்குப் போயிருப்பதால் நெரிஸ் துணைக்கு வந்து தங்கியிருக்கிறாள். வந்ததிலிருந்து ஆமை அறைப் பக்கம் அவள் எட்டிப் பார்த்ததே இல்லை.

க்வெண்டா மட்டும் என்ன? அந்த நாற்காலியைக் கண்டால் கால் நகராது. வாசலில் நின்றபடியே கீரையைத் தொட்டிக்குள் போடுவாள். வாசலில் நின்றபடியே கல்லைக் குறிவைத்துச் சூடு பார்ப்பாள்.

"இன்னொண்ணு கேளு. கல்லு இருபத்தேழுதான் காட்டுது. அதனால நேத்து, கல்லுக்கு மேல சங்கிலியில தொங்குற சூட்டு விளக்கை வாசல்ல நின்னே கொக்கிக் கம்பால கீழே இறக்கினேன். இன்னிக்குப் பார்த்தா பழையபடி மேலே இருக்கு."

"சங்கிலி நழுவியிருக்கும்."

"நழுவினா கீழேதானே வரும்? மேலே போகுமா?"



அன்றும் க்வெண்டா விளக்கை இறக்கினாள். மறுநாள் காலை அது மேலே இருந்தது. நாற்காலி சூடாக இருந்தது. வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது.

அன்று படுக்கப் போகுமுன் க்வெண்டா ஒரு கோப்பைக் கருப்பு டீயை ஆமை அறை வாசலில் வைத்தாள்.

"பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. இதை மனுஷன் குடிப்பானா அத்தை? பேய்தான் குடிக்கும்" என்றாள் நெரிஸ்.

"அவருக்குத்தான் வைக்கிறேன்."



காலையில் டீ தொடப்படாமல் இருந்தது. அன்று முழுக்க க்வெண்டா ஒரு வாய் சாப்பிடவில்லை. சாயங்காலம் மறுபடியும் ஒரு கோப்பை வைத்தாள்.

மறுநாள் கோப்பை காலி. அடியில் ஒரே ஒரு தேயிலைத் துணுக்கு ஒட்டியிருந்தது. தொட்டிக்குள் மோசஸ் நாற்காலியைப் பார்த்து மெல்ல வாயைத் திறந்து மூடியது.

க்வெண்டா கோப்பையைக் கையில் எடுத்தாள். வருகிறார். ஆனால் ஏன் விளக்கை மட்டும் தூக்கித் தூக்கி வைக்கிறார்? 'உன்னால முடியலை, விட்டுடு' என்கிறாரா? அவர் விட்டுப்போனதில் உயிரோடு இருப்பது இது ஒன்றுதான். இதையும் கொடுத்துவிடச் சொல்கிறாரா?

அவரையே கேட்டுவிடுவதென்று முடிவு செய்தாள்.

விடியுமுன் எழுந்து, செருப்புப் போடாமல் படியிறங்கினாள். ஆமை அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. நேரமானால் தானாக எரியும் சூட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிரம்பு நாற்காலி கிறீச்சிட்டது. அதில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

க்வெண்டா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"தூரத்துலேயே இரு, கிட்ட வராதே. எனக்கு உன்னைப் பிடிக்காது, தெரியுமில்ல?"

நெரிஸின் குரல்! இரண்டு கையிலும் அடுப்படிக் கையுறை. கல்லுக்கு ஒரு சாண் மேலே வெப்பமானியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சங்கிலியை இன்னும் ஒரு கண்ணி தூக்கினாள்.

"நாற்பத்தெட்டு! முதுகு வெந்துபோயிருக்கும்டா உனக்கு. தூரத்துல நின்னு பார்த்தா சுத்தியிருக்கிற குளிர்ச்சியும் சேர்ந்து குறைச்சலாத்தான் காட்டும். கிட்ட வந்து பாருங்கன்னு எப்படிச் சொல்றது? நாற்காலியைப் பார்த்தாலே அத்தை வாசலோட நின்னுடறாங்க. உனக்கு ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாங்க."

மறுபடி உட்கார்ந்தாள். கல் பதமான சூட்டுக்கு வரும்வரை காத்திருந்தாள். பிறகு, வாசலிலிருந்து எடுத்து வைத்திருந்த கோப்பையைத் தூக்கினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் விழுங்கினாள். கஷாயம் குடித்த குழந்தை மாதிரி முகம் கோணியது.

க்வெண்டா சத்தமில்லாமல் மாடியேறிவிட்டாள்.

காலைச் சாப்பாட்டின்போது நெரிஸ்தான் பேச்சை எடுத்தாள். "என்ன அத்தை, இன்னிக்கும் நாற்காலி சூடா?"

"சூடாத்தான் இருந்துச்சு."

"அந்த ஆமையை இன்னும் வச்சுக்கிட்டு..."

"இருக்கட்டும். உனக்கென்ன?"

நெரிஸ் வேலைக்குக் கிளம்பியதும் க்வெண்டா வாசலைத் தாண்டி அறைக்குள் போனாள். நாற்காலியின் கையை ஒரு தரம் தடவினாள். குனிந்து, கல்லுக்கு ஒரு சாண் மேலே வெப்பமானியைப் பிடித்தாள். முப்பத்தைந்து.

அன்று படுக்கப் போகுமுன், இத்ரிஸுக்கு வைக்கும் கோப்பையில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கினாள்.