உள்பக்கத்துக் கறை

ஏணியின் மேல்படியில் நின்று பிச்சுமணி கண்ணாடியை மறுபடியும் துடைத்தான். கறை போகவில்லை.

கழக்கூட்டம் பகுதியில் ஒரு மென்பொருள் கம்பெனிக் கட்டிடத்தின் முதல் மாடி ஜன்னல் அது. நட்டநடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு. சோப்புத் தண்ணீர் தடவினான். ரப்பர் வைப்பரை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தான். அதன் விளிம்பைத் துணியில் ஒற்றினான். எல்லாம் சொல்லிக்கொடுத்தபடிதான். பிசுக்கு மட்டும் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

இன்று தேர்வு. ஒரு கோடு, ஒரு திட்டு மிஞ்சினாலும் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லையென்றால் லண்டன் கிடையாது.

லண்டனில் ஏணி போட்டு வீட்டு ஜன்னல்களைத் துடைக்கிற வேலை. வேலையில் கேவலம் ஒன்றும் இல்லை. கேவலமெல்லாம் பிச்சுமணி அதை வீட்டில் சொல்லிவைத்திருந்த விதத்தில்தான். அங்கே போய்க் கட்டிடங்களைப் பரிசோதிக்கிற ஆபீசராகப் போகிறான் என்று கிழக்கேகோட்டை அக்ரஹாரம் முழுக்கப் பேச்சு. தினமும் நெற்றியில் சந்தனமும் கையில் ஆங்கில இலக்கணப் புத்தகமுமாகப் பயிற்சிக்குக் கிளம்புவான். அந்தப் புத்தகம் இதுவரை மத்தியானத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற பொதிச்சோற்றுக்கு அடியில் விரிக்கத்தான் பயன்பட்டது.

அக்ரஹாரத்துக்குத் தெரிந்தால்கூடத் தாங்கிக்கொள்வான். மச்சினன் மஹேஷுக்குத் தெரியக் கூடாது.

மஹேஷ், பெண்டாட்டி அனந்தலக்ஷ்மியின் தம்பி. இதே கட்டிடத்தில்தான் பெரிய உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்போதும் ஆபீஸ் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருகிற பிறவி. அட்டை எப்போதும் படம் தெரியாமல் திருப்பிப் போட்டபடி தொங்கும். எட்டாவது மாடியில் தனி அறை, உட்கார்ந்த இடத்திலிருந்தே கடல் தெரியும் என்பதை இலை போடுவதற்குள் சொல்லிவிடுவான். உடனே அனந்தலக்ஷ்மி புருஷனை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் லண்டனே.

தேர்வு இந்தக் கட்டிடத்தில் என்று காலையில்தான் சொன்னார்கள். பிச்சுமணி அண்ணாந்து எட்டாவது மாடி வரை எண்ணினான். பிறகு தைரியம் சொல்லிக்கொண்டான். மச்சினன் இருப்பது எட்டாவது மாடி, ஏணி போவது முதல் மாடி வரைக்கும். பெரிய மனிதர்கள் குனிந்து பார்க்க மாட்டார்கள். இருந்தாலும் தொப்பியைப் புருவம் வரைக்கும் இறக்கிக்கொண்டான்.

கீழே ஏணியின் காலை மிதித்துப் பிடித்துக்கொண்டு அஜிதா நின்றாள். பயிற்சி கொடுக்கிறவள், விழிஞ்ஞத்துக்காரி. துபாயில் வானத்தை முட்டுகிற கட்டிடங்களையெல்லாம் துடைத்துவிட்டு வந்தவள். இந்த மனுஷன் ஒரு பிசுக்கோடு மல்லுக்கட்டுவதை எவ்வளவு நேரம்தான் பார்ப்பாள்?

“சாரே, அது நம்ம பக்கம் இல்ல, உள்ளயாக்கும். ரெண்டு தட்டு தட்டும், உள்ள நிக்கவன் தொடைக்கட்டு.”

தொழிலில் அப்படி ஒரு வழக்கம். கண்ணாடிக்கு வெளிப்பக்கம் ஒரு காண்டிராக்டர், உள்பக்கம் வேறொரு காண்டிராக்டர். ஒருவர் அழுக்கை மற்றவர் தொட மாட்டார்கள். கறையின் மேல் இரண்டு தட்டு தட்டினால், உன் பக்கம், நீ துடை என்று அர்த்தம். அந்தப் பக்கத்து ஆள் வந்து துடைத்தே ஆக வேண்டும்.

பயிற்சியிலேயே பிச்சுமணிக்கு ரொம்பப் பிடித்த பாடம் இதுதான். வீட்டில் அவன் தட்டினால் வாசல் கதவுகூடச் சட்டென்று திறக்காது.

மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி உள்ளே பார்த்தான். திரை இறங்கியிருந்தது. ஆபீசர் தோரணையில், மோதிர விரலை மடக்கி, இரண்டு தட்டு தட்டினான்.

திரை சர்ரென்று மேலே ஏறியது.

சாம்பல் நிறச் சீருடை. ஒரு கையில் வைப்பர், மறு கையில் துணி. கழுத்தில் அட்டை, இந்த முறை படம் தெரியும்படி.

மஹேஷ்.

இரண்டு பேரும் வாயைத் திறந்தார்கள். கண்ணாடி நல்ல தடிமன், அந்த மட்டும் பத்மநாப சுவாமி காப்பாற்றினார்.

முதலில் சுதாரித்தது மஹேஷ்தான். அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். அதற்கு அப்புறம்தான் கறைக்கு வந்தான். தண்ணீர் தடவி, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. பிசுக்கு போன இடம் தெரியவில்லை. பயலுக்கு என்ன கை என்று பிச்சுமணிக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மஹேஷ் தலையைச் சாய்த்துக் கண்ணாடியை மேலும் கீழும் பார்த்தான். பிறகு ஓர் இடத்தில் விரலை வைத்து, இரண்டு தட்டு தட்டினான்.

பிச்சுமணியின் மூக்கு பதிந்த இடம்.

பிச்சுமணி துடைத்தான். வழக்கம் என்றால் வழக்கம்தான். கீழே அஜிதா பாஸ் என்று சத்தம் கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மஹேஷ் சாப்பிட வந்தான். சாம்பார் முடிந்து ரசமும் முடிந்து இலையும் காலியாகிவிட்டது, கடல் பேச்சு வரவே இல்லை. பாயசக் கரண்டியோடு வந்த அனந்தலக்ஷ்மிக்கே பொறுக்கவில்லை. ஏண்டா, ஒன் ரூமிலேர்ந்து இப்போ கடல் தெரியறதில்லையா என்று தம்பியிடம் கேட்டாள். தம்பிக்குப் புரையேறியது.

பிச்சுமணிக்கு அவன்மேல் பாவமாக இருந்தது. தன்மேல் அதைவிடப் பாவமாக இருந்தது. முந்திக்கொண்டு பதில் சொன்னான்.

“தெரியாம என்ன, நன்னாத் தெரியும். கண்ணாடி அத்தனை சுத்தம்.”

கரண்டி அந்தரத்தில் நின்றது.

“நீங்க எப்போ பாத்தேள்?”

இரண்டு தலையும் நிமிரவில்லை. பாயசம் இன்னும் விழாத இலைகளை அத்திம்பேரும் மச்சினனும் உள்ளங்கையால் வழித்தார்கள், மேலிருந்து கீழே, ஒரே இழுப்பாக.