பின்சுவரில் ஒரு ஜன்னல்

"இந்தச் சுவரை இடிச்சிடலாமா, தம்பி?"

வீட்டைப் புதுப்பிக்க வந்திருந்த என்ஜினியர் கூடத்தின் பின்சுவரைத் தட்டிப் பார்த்தார். "தாராளமா இடிக்கலாம்மா. அந்தப் பக்கம் பூங்கா, குளம், அவ்வளவு மரம். இத்தனையும் வச்சுக்கிட்டு செங்கல்லைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களே."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "மரம் குளமெல்லாம் அவருக்கு. எனக்கு அவர் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாப் போதும்."

அவர் என்றால் அவள் கணவர். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மில் அவரை விட்டாலும் அவர் வேலையை விடவில்லை. கூடத்து நாற்காலியைச் சமையலறைப் பக்கமாகப் போட்டுக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அடுப்பு ஏன் இப்படி எரிகிறது, மூடி எங்கே போயிற்று, கத்தியை அங்கேயா வைப்பது? வெந்நீர் வைக்கக்கூட அவளுக்கு மேலதிகாரி உத்தரவு தேவைப்பட்டது.

சுவரை இடிப்பது என்றதும் தாம்தூம் என்று குதிப்பார் என்றுதான் பயந்தாள். அவரோ ஒரு பகல் முழுக்க யோசித்துவிட்டு என்ஜினியரைக் கூப்பிட்டார்.

"நடுவுல தடுப்பு வேண்டாம். தரையிலேர்ந்து ஒரே கண்ணாடியாப் போடுங்க. திரையும் வேண்டாம். அப்படியே எதிர்ல சமையலறைக்கும் நல்ல விளக்கா ஒண்ணு மாட்டிடுங்க. பாவம், மங்கல் வெளிச்சத்துல கஷ்டப்படறா."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்பேர்ப்பட்ட மனுஷரையா சுவரை இடித்து அந்தப் பக்கம் திருப்பப் பார்த்தோம் என்று வெட்கமாக இருந்தது.

வேலை முடிந்தது. நாற்காலியை அவரே திருப்பிப் போட்டுக்கொண்டார். அன்று முழுக்கக் குளத்தைப் பார்த்தபடி இருந்தார், வாயே திறக்கவில்லை. அவள் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இஷ்டம்போல் சமைத்தாள். பாத்திரத்தைக்கூட நினைத்த இடத்தில் கவிழ்த்து வைத்தாள்.

பொழுது சாய்ந்தது. கூடத்து விளக்கைக்கூடப் போடாமல் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இருட்டிடுச்சே, இன்னும் அங்க அப்படி என்னங்க தெரியுது?" என்று அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

அவர் திரும்பவில்லை. "குழாயைச் சரியா மூடல நீ. சொட்டுது பாரு."

சொட்டிக்கொண்டுதான் இருந்தது. அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஜன்னலில் மரமும் இல்லை, குளமும் இல்லை. இருண்ட கண்ணாடி முழுக்க அவள் சமையலறைதான் பளிச்சென்று தெரிந்தது, நடுவில் அவளும்.

"முன்னாடியெல்லாம் அந்தக் குழாய்ப் பக்கம் எனக்குத் தெரியவே தெரியாது," என்றார் அவர், ரொம்பத் திருப்தியாக.