உரிக்காத தாள்

ஆறு லட்சம் கொடுத்து மாடுலர் கிச்சன் போட்டும், கதவுகளில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளை என் கணவர் உரிக்க விடவில்லை. "இருக்கட்டும் வடிவு, கீறல் விழுந்துரும்." ஒரு வருஷமாகியும் கக்கூஸை ஒட்டிய சந்தில், பழைய அடுப்பில்தான் சமைக்கிறேன். நேற்று கிச்சனைப் பார்க்க அவருடைய அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணி ஒரு கதவை ஆசையாகத் தடவினார். தாளுக்கடியில் என்னவோ நெளிந்தது. நான் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். புளித்த வாடையோடு கரப்பான் குஞ்சுகள் கொத்தாக உதிர்ந்து அண்ணியின் பாதத்தில் ஏறின. "பாத்து இழு, தாள் கிழிஞ்சிடப் போகுது" என்றார் என் கணவர். தாளைத் திரும்ப ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தி நீவினார். உள்ளே மிச்சமிருந்த குஞ்சுகள் ஒவ்வொன்றாக நசுங்கின. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "அண்ணிக்குக் காபி போடு" என்றார். சந்துக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.